வேலை கப்பலேறும்போது: வாசகர் கேள்வி-பதில்

கட்டுநாயக்க, பியகம ஏற்றுமதி வலயங்களிலிருந்தும் கொழும்பு வடக்கின் சிறு தையல் நிலையங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: ஓடர் வெளிநாட்டுக்குப் போகிறது, எங்கள் கதி என்ன? ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, தொழிற்சட்டமும் ஆடைத் தொழிலும் தெரிந்தவர்களின் பதில்களை இங்கே தருகிறோம்.

கேள்வி: 9 வருஷமாக ஒரே கார்மன்ட்டில் மெஷின் ஒப்பரேட்டராக இருக்கிறேன். எங்கள் பையர் ஓடரைப் பங்களாதேஷுக்கு மாற்றிவிட்டாராம். எச்.ஆர். மிஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சிங்களத்தில் அடித்த கடிதமொன்றில் கையெழுத்துக் கேட்கிறார். போட்டால் 3 மாதச் சம்பளமும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உடனே கிடைக்குமாம். போடாவிட்டால் வழக்கு, விசாரணை என்று அலைய வேண்டுமாம். என்ன செய்யட்டும்?
(தையல் தொழிலாளி, மட்டக்குளி)

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடிதத்தின் தலைப்பு எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ராஜினாமாதான். கொம்பனிக்கு உங்கள் கையெழுத்து ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது தெரியுமா? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஓரிடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு எதற்காக நிறுத்துவதானாலும் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. மற்றது, தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் தரும் சம்மதம். முதலாவதற்கு விண்ணப்பம், விசாரணை, கணக்குப் புத்தகம், பிறகு சூத்திரப்படி நட்டஈடு என்று செலவு ஏறும். இரண்டாவதற்கு ஒரு பேனா போதும். ஓடர் இல்லை, பையர் போய்விட்டார், தொழிற்சாலையையே மூடுகிறோம் என்ற காரணங்கள் எதுவும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தராது.

அந்தச் சூத்திரத்தைப் பாருங்கள். சேவையின் முதல் 5 வருஷத்துக்கு, வருஷத்துக்கு 2½ மாதச் சம்பளம். 6 முதல் 14 வரை வருஷத்துக்கு 2 மாதம். 15 முதல் 19 வரை 1½ மாதம். 20 முதல் 24 வரை ஒரு மாதம். 25 முதல் 34 வரை அரை மாதம். எல்லாம் கூட்டி அதிகபட்சம் 48 மாதச் சம்பளம். பண உச்சவரம்பு 12½ லட்சமாக இருந்து 2021இல் 25 லட்சமாக உயர்ந்தது. ஒப்பரேட்டர் சம்பளத்தில் அந்த வரம்பைத் தொடுபவர் மிகக் குறைவு.

உங்கள் சம்பளம் 38,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் 5 வருஷத்துக்கு 12½ மாதமும், மிச்ச 4 வருஷத்துக்கு 8 மாதமும் சேர்த்து 20½ மாதம். அதாவது 779,000 ரூபாய். கிராஜுவிட்டி இதில் சேராது, அது தனி: 5 வருஷம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் பாதி. 19,000ஐ ஒன்பதால் பெருக்கினால் 171,000. மொத்தம் 950,000. அவர்கள் நீட்டும் 3 மாதச் சம்பளம் 114,000. கிராஜுவிட்டியையும் தருகிறோம் என்பதைச் சலுகைபோலச் சொன்னால் ஏமாற வேண்டாம். நீங்களாகவே விலகினாலும் அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம். வேலை முடிந்து 30 நாளுக்குள் தராவிட்டால் 10%இல் தொடங்கி, ஓராண்டு தாண்டினால் 30% வரை மேலதிகமாகக் கட்டவும் வேண்டும்.

எந்தச் சம்பளத்தில் கணக்குப் பார்ப்பது என்பதில்தான் சண்டை வரும். அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் நிலையாகக் கிடைக்கும் படிகளும் சேரும், ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்) சேராது. டார்கெட் இன்சென்டிவை (இலக்கை எட்டினால் தரும் ஊக்கப்படி) கொம்பனி விடப் பார்க்கும், நீங்கள் கேட்கத்தான் வேண்டும். அதனால் கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகள் கையில் இருக்க வேண்டும். நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம், ஆள் அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். சீட்டுகள் ஃபோனில் வரும் ஆப்பில் மட்டும் இருந்தால் இன்றே ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்த அன்றே அந்த ஆப் திறக்காது.

எச்.ஆர். மீண்டும் கூப்பிட்டால் கடிதத்தின் பிரதியையும் தமிழ் மொழிபெயர்ப்பையும் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் எதிலும் கையெழுத்துப் போட நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர். கடிதம் கிடைத்ததற்காவது கையெழுத்துத் தா என்று வற்புறுத்தினால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் தமிழிலேயே எழுதுங்கள்: “பிரதி கிடைத்தது. இதில் உள்ளவற்றுக்கு நான் சம்மதிக்கவில்லை.” திகதியும் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, கொழும்பு 5 நாரஹேன்பிட்ட தொழில் செயலகத்தில் உள்ள தொழில் ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். ஒரு பிரதி தொழிற்சாலை இருக்கும் பகுதிக்குரிய தொழில் காரியாலயத்துக்கு (நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு அல்ல, பலர் இங்கேதான் ஒரு நாளை வீணாக்குகிறார்கள்). சேர்ந்த திகதி, கடைசிச் சம்பளம், ஈ.பி.எப். இலக்கம், என்ன கடிதத்தில் யார் என்றைக்குக் கையெழுத்துக் கேட்டார், நீங்கள் சம்மதிக்கவில்லை ஆகிய விவரங்கள் ஒரு பக்கத்துக்குள் போதும். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இதற்கிடையில் வேலைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். மனமுடைந்து இரண்டு மூன்று நாள் வீட்டில் இருந்தால் ‘தானாகவே வேலையைக் கைவிட்டார்’ என்று கடிதம் அனுப்பி மொத்தக் கணக்கையும் மூடிவிடுவார்கள். கேட்டில் உள்ளே விடவில்லையென்றால் நாள், நேரம், தடுத்தவர், கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அன்றே பொலிஸில் ஒரு பதிவும் தொழில் காரியாலயத்தில் ஒரு முறைப்பாடும் போட வேண்டும். அனுமதியின்றி நிறுத்தினால் அந்த நிறுத்தமே சட்டத்தில் செல்லாது. பின்சம்பளத்தோடு திரும்ப வேலை கொடுக்கும்படியோ, மூடிய இடமென்றால் நட்டஈடு தரும்படியோ ஆணையாளர் கட்டளையிடலாம். முறைப்பாட்டுக்கான கடைசிக் கெடு 6 மாதம். அதுவரை காத்திருப்பது புத்தியல்ல. மாதம் போகப் போக மெஷின்கள் போய்விடும், எச்.ஆர். ஆட்கள் போய்விடுவார்கள், சாட்சிகள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

எச்.ஆர். மிஸ் சொல்லும் அலைச்சல் பொய்யில்லை. அனுமதி விண்ணப்பத்துக்கு இரண்டு மாதத்தில் முடிவு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுபடும். ஆனால் கிராஜுவிட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 114,000க்கும் 779,000க்கும் இடையிலுள்ள தூரத்துக்கு எத்தனை தடவை நாரஹேன்பிட்டவுக்கு பஸ் ஏறலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் கொம்பனி இறங்கி வந்து, சூத்திரத்துக்குக் கிட்டிய தொகையை காசோலையாகவே நீட்டினால் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதில் தப்பில்லை. கிராஜுவிட்டி, எடுக்காத லீவுச் சம்பளம், நட்டஈடு மூன்றும் தனித்தனி வரியில் காட்டப்பட்டிருக்க வேண்டும். ‘மொத்த பெக்கேஜ்’ என்று ஒரே தொகையாகப் போட்டால் எது குறைந்தது என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: சம்பளத்தைக் கூட்டச் சொல்லி அரசாங்கம் சட்டம் போட்டதால்தான் ஓடர் எல்லாம் போகிறது என்று என் கணவர் சொல்கிறார். உண்மையா?
(வாசகி, தெமட்டகொடை)

பதில்: கால்வாசி உண்மை. இலங்கையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாயும் ஆனது. பங்களாதேஷ் ஆடைத் தொழிலில் 2023 டிசம்பரிலிருந்து 12,500 டாக்கா. டொலரில் மாற்றிப் பாருங்கள்: சட்டம் சொல்லும் அடிமட்டம் இரண்டு நாட்டிலும் 100 டொலரைச் சுற்றித்தான் நிற்கிறது. கட்டுநாயக்கவில் கைக்கு வருவது இன்சென்டிவ், வருகைப்படி எல்லாம் சேர்ந்து இதைவிடக் கூட என்பது சரி. ஆனால் வித்தியாசம் அங்கே மட்டும் இல்லை.

பெரிய வித்தியாசம் துணியில். ஐரோப்பாவுக்குத் தீர்வையின்றி அனுப்ப இலங்கைக்கு ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை உண்டு (2010 ஓகஸ்டில் பறிபோய், 2017 மேயில் திரும்பியது). அந்தச் சலுகையில் ஒரு முடிச்சு இருக்கிறது. பொதுவாக, துணி நெய்வது, தைப்பது ஆகிய இரண்டும் சலுகை ஏற்கும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். சீனத் துணியை இறக்கி இங்கே தைத்தால் மட்டும் போதாது. பங்களாதேஷ் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அதற்கு வெளித்துணியை வாங்கித் தைத்தாலே போதும். அதோடு அவர்களிடம் சொந்த நூலாலைகளும் பின்னலாடைத் துணி ஆலைகளும் உண்டு. பையர் ஒரு ஆடைக்குத் தையல் நிமிடக் கூலியை மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. துணி வந்து சேரும் நாள், ஐரோப்பியத் தீர்வை, கப்பல் நாள் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்கிறார். அமெரிக்கா 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44% தீர்வை என்று அறிவித்து, ஓகஸ்டில் 20%இல் நிறுத்தியபோது, இடைப்பட்ட மாதங்களில் பல பையர்கள் அடுத்த சீசனுக்கான ஓடரை உறுதி செய்யாமல் தள்ளிப்போட்டதும் இதே கணக்கினால்தான்.

இன்னொன்றும் உங்கள் கணவருக்குச் சொல்லலாம். ஓடரை வெளியே கொண்டுபோவது வெள்ளைக்காரப் பையர் மட்டுமல்ல. இலங்கையின் பெரிய ஆடைக் கொம்பனிகள் தாங்களே இந்தியா, பங்களாதேஷ், வியட்நாம், ஜோர்தான், கென்யா, எத்தியோப்பியா என்று தொழிற்சாலை போட்டிருக்கின்றன. ஆந்திராவில் விசாகப்பட்டினத்துக்கு அருகே இலங்கைக் கொம்பனி ஒன்றின் ஆடை நகரமே இருக்கிறது. எத்தியோப்பியாவில் நடந்ததையும் பாருங்கள்: 2022 ஜனவரி 1ஆம் திகதி அமெரிக்கா அந்த நாட்டுக்கான தீர்வைச் சலுகையை நிறுத்தியதும், மலிவான கூலியை நம்பிப் போன கொம்பனிகளே அங்கிருந்தும் கழன்றன. உலகத்திலேயே மலிவான கூலிகளில் ஒன்று அங்கேதான். அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

கேள்வி: மேன்பவர் (ஆள் வழங்கும் ஏஜன்ட்) மூலம் நாட்கூலிக்கு வேலை செய்கிறேன். நட்டஈடு 20½ மாதம், 12½ மாதம் என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு ஏதாவது உண்டா?
(பேலியகொடை)

பதில்: வெளிப்படையாகச் சொன்னால், ஓடர் குறையும்போது முதலில் வெட்டுவதற்காகவே மேன்பவர் ஆட்களை வைத்திருக்கிறார்கள். இன்று ஒரு தொழிற்சாலை, நாளை இன்னொன்று என்று மாறினால் எந்த இடத்திலும் 180 நாள் சேராது. ஏஜன்டிடம் பதிவில் 15 பேரும் இருக்கமாட்டார்கள்.

ஆனால் ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில், அங்குள்ள சுப்பவைசரின் கீழ் மாதக்கணக்கில் நிற்பவரின் நிலை வேறு. உண்மையான முதலாளி யார் என்று வாதிட இடமுண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும்: கேட் பாஸ், வந்த நாட்களைக் குறித்த கொப்பி, சுப்பவைசர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள், ஏஜன்ட் காசு போட்ட வங்கிப் பதிவு. காசைக் கையில் வாங்குகிறவருக்கு எதையும் நிரூபிப்பது கடினம். வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். நட்டஈடு கிடைக்காவிட்டாலும் ஈ.பி.எப். உங்களுக்கு உண்டு. நாட்கூலிக்கும் அது பொருந்தும், ஒரு நாள் வேலைக்கும் பொருந்தும். உங்களிடம் 8% கழித்து, முதலாளி 12% சேர்த்து, அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3%, அது முழுக்க முதலாளியின் காசு. கழித்த 8%ஐ ஏஜன்ட் கட்டாமல் விழுங்குவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு போட்டால், தாமதத்துக்கேற்ப 5% முதல் 50% வரை மேலதிகக் கட்டணத்தோடு அறவிடலாம்.

கேள்வி: வேலை போய்விட்டது. ஈ.பி.எப். எடுக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள்.
(வத்தளை)

பதில்: இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலாவது, வேலை போனது என்பதற்காக மட்டும் ஈ.பி.எப்.ஐ எடுக்க முடியாது. பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது. அதற்கு முன்னரென்றால் திருமணம் காரணமாக வேலையை விடும் பெண், நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுபவர், நிரந்தர ஊனமுற்றவர், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போனவர் ஆகியோருக்கு உண்டு. வீட்டுக்கோ வைத்தியச் செலவுக்கோ 30% வரை முன்கூட்டி எடுக்கும் வழியும் இருக்கிறது. 10 வருஷ அங்கத்துவமும் குறைந்தது 3 லட்சம் மீதியும் வேண்டும். ஈ.டி.எப். அப்படியல்ல. வேலையை விட்டதும் வயது பார்க்காமல் எடுக்கலாம், 5 வருஷத்துக்கு ஒரு தடவை. கையில் காசில்லாத மாதத்தில் இது உதவும், ஆனால் தொகை சிறியது.

இரண்டாவது, பெயர். தமிழ்ப் பெண்களுக்கு இது அடிக்கடி வருகிறது. வேலைக்குச் சேர்ந்தபோது தந்தையின் பெயர் முன்னெழுத்து, பிறகு கணவனின் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. கொம்பனி கிளார்க் சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியது மூன்றாவது எழுத்து. இதைத் திருத்த, இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக் கடதாசி, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அடையாள அட்டை, முதலாளி தரும் உறுதிக் கடிதம் ஆகியவை கேட்பார்கள். கடைசியாகச் சொன்னதுதான் தலைவலி. கொம்பனி மூடிய பிறகு கடிதம் தர ஆள் இருக்காது. ஆகவே இன்னும் வேலையில் இருப்பவர்கள், அடையாள அட்டையில் உள்ள பெயரும் இலக்கமும் ஈ.பி.எப். பதிவில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். இடம் மாறி மாறி வேலை செய்தவர்களுக்கு ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒரு அங்கத்துவ இலக்கம் இருக்கும். அத்தனையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: மூடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
(லைன் சுப்பவைசர், ஜா-எல)

பதில்: லைனைப் பார்க்காதீர்கள், கட்டிங் பகுதியைப் பாருங்கள். தையல் லைன் நிரம்பியிருக்கும்போதே கட்டிங் மேசை சும்மா கிடந்தால், வெட்டி வைத்த துணி தீரும்வரைதான் வேலை. அதற்கும் முன்னால் சொல்லிவிடுவது சாம்பிள் ரூம். அடுத்த சீசன் மாதிரி தைக்கும் இடம் அது. அங்கே ஆள் குறைந்தால் அடுத்த சீசன் ஓடர் வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். துணி ஸ்டோரில் புதிய ரோல் இறங்காதது, மெர்சன்டைசர்கள் (பையரோடு ஓடரைக் கையாள்பவர்கள்) ஒருவர் பின் ஒருவராக விலகுவது, இரண்டு லைனை ஒன்றாக்குவது, மெஷின்களுக்கு இலக்கம் ஒட்டிப் பட்டியல் எடுப்பது, ஆண்டு லீவை இப்போதே எடுத்துமுடி என்று நெருக்குவது இவையும் அடையாளங்கள். ஓ.டி. நின்றதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். சீசன் இடைவெளியிலும் அது நிற்கும்.

‘ஓடர் வரும்வரை ஒரு மாதம் வீட்டில் இரு, கூப்பிடுகிறோம்’ என்பது இன்னொரு உத்தி. தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் அதே 1971 சட்டத்தின்படி வேலை முடிவுறுத்தலில் அடங்கும். அதற்கும் அனுமதியோ சம்மதமோ வேண்டும். 2020இல் பாதிச் சம்பளம் அல்லது 14,500 ரூபாய், இதில் எது கூடவோ அது என்று ஏற்பாடு இருந்ததே என்று சிலர் காட்டுவார்கள். அது கொரோனாக் காலத்துக்காக முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் அரசும் செய்துகொண்ட உடன்பாடு. இன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு பாதிச் சம்பளம் தர முடியாது.

நீங்கள் சுப்பவைசர் என்பதால் ஒரு வார்த்தை. தொழிலாளரிடம் கையெழுத்து வாங்கும் வேலையை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். உங்கள் பெயரும் அதே பட்டியலின் அடியில் இருக்கும்.

கேள்வி: பள்ளியில் பொருளியல் படிக்கிறேன். இந்தத் தொழிற்சாலை வேலைகள் இங்கிலாந்து, அமெரிக்காவிலிருந்துதானே இங்கு வந்தன? அங்கே வேலை இழந்தவர்களுக்கு என்ன ஆனது?
(மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: நல்ல கேள்வி. கட்டுநாயக்க வலயம் 1978இல் திறந்ததிலிருந்து நமக்கு வந்த ஓடர்கள் எங்கோ ஒரு தொழிற்சாலையை விட்டுத்தான் வந்தன.

இங்கிலாந்தில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நீண்டகாலம் உள்நாட்டில் தைத்ததைத்தான் பெரும்பாலும் விற்றது. 1990களின் கடைசியில் ஓடர்களை வெளிநாட்டுக்குத் திருப்பியது. 30 வருஷமாக அதற்குத் துணி தைத்துக் கொடுத்த பெயர்ட் என்ற கொம்பனியோடு 1999 ஒக்டோபரில் உறவை முறித்தது. பெயர்ட் வழக்குப் போட்டது. அத்தனை வருஷத்திலும் எழுத்தில் நீண்டகால ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பதால் 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஆயிரக்கணக்கான தையல் பெண்களின் வேலை அதோடு போனது. பையருக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அந்தத் தீர்ப்பு நல்ல சான்று. நம் தொழிற்சாலைகளின் நிலையும் இதைவிடப் பெரிதாக வேறில்லை.

அமெரிக்காவில், சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பின் தொழிற்சாலை வேலைகள் வேகமாகச் சரிந்தன. 2000இல் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பேர் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். 2010இல் 1 கோடியே 20 லட்சத்துக்கும் குறைவு. எல்லாம் சீனாவால் மட்டுமல்ல, இயந்திரமும் 2008 நெருக்கடியும் உண்டு. சீன இறக்குமதியின் பங்கு 20 முதல் 24 லட்சம் வேலைகள் என்று பொருளியலாளர்கள் கணித்தார்கள். டேவிட் ஓட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் ஆகியோரின் ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறு. ஓரிடத்தில் வேலை போனால் மக்கள் வேறிடம் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படி நடக்கவில்லை. பெரும்பாலானோர் அங்கேயே தங்கினார்கள், சம்பளம் குறைந்தது, ஊனமுற்றோர் உதவிப்பணம் கேட்டு விண்ணப்பிப்போர் தொகை கூடியது, அந்த ஊர்கள் பத்து வருஷத்துக்குப் பிறகும் நிமிரவில்லை. வர்த்தகத்தால் வேலை இழந்தவருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தரும் திட்டம் ஒன்று அங்கே 1962இல் தொடங்கியது. 2022 ஜூலையில் புதியவர்களைச் சேர்ப்பது நின்றுபோனது.

இலங்கையில் அப்படியொரு திட்டம் இல்லவே இல்லை. வேலையற்றோர் காப்புறுதியும் இல்லை. அதனால்தான் முதல் பதிலில் சொன்ன நட்டஈட்டுச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று முதலாளிமார் கேட்கும்போதெல்லாம் தொழிற்சங்கங்கள் கொதிக்கின்றன. பரீட்சையில் எழுதுவதானால் இந்த ஒப்பீட்டை எழுதுங்கள்.

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்து ராஜகிரிய பி.பி.ஓ. (வெளிநாட்டுக் கொம்பனிகளின் அலுவலக வேலையைச் செய்து கொடுக்கும் இடம்) ஒன்றுக்கு இரவு ஷிஃப்ட் போகிறேன். எங்கள் பிராசெஸை மணிலாவுக்கு மாற்றுகிறார்கள். அந்த ஆட்களுக்கு நாங்களே ஸூமில் பழக்கிக் கொடுக்கிறோம். எனக்குக் கொடுத்திருக்கும் கடிதத்தில் ‘கன்சல்டன்ட்’ என்று இருக்கிறது. தையல் பெண்களுக்கான சட்டம் எனக்கும் உண்டா?

பதில்: உண்டு. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் அடங்கும் இடங்களுக்கும் 1971 சட்டம் பொருந்தும். டை கட்டினாலும் அதே 15 பேர், அதே 180 நாள், அதே சூத்திரம்.

‘கன்சல்டன்ட்’ என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். ஷிஃப்ட்டை யார் போடுகிறார், கைரேகை வைத்து வருகிறீர்களா, லீவுக்கு யாரிடம் கேட்கிறீர்கள், கம்பியூட்டர் யாருடையது என்பதைத்தான் பார்ப்பார்கள். ஊழியர் என்று தீர்ந்தால் கட்டாத ஈ.பி.எப். முழுவதும், உங்களிடம் அப்போது கழிக்காத 8% உட்பட, முதலாளி தலையில் விழும். காலம் குறித்த ஒப்பந்தமாக இருந்தால் சிக்கல் கூட. காலம் முடிந்து விலகுவது பொதுவாக முடிவுறுத்தல் ஆகாது. திரும்பத் திரும்பப் புதுப்பித்திருந்தால் வாதம் வலுக்கும், பழைய கடிதங்களை எறியாதீர்கள்.

மணிலாக்காரருக்குப் பழக்கத் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். அந்த மின்னஞ்சல்கள், கலண்டர் அழைப்புகளின் திகதிகளையும். ஏனென்றால் அடுத்து வரக்கூடியது ‘உங்கள் செயற்திறன் குறைவு’ என்ற கடிதம். ஒழுக்காற்றுக் காரணம் என்று மாற்றிவிட்டால் விஷயம் இந்தச் சட்டத்தை விட்டு தொழில் நியாய சபைக்குப் போகும், அங்கே ஆண்டுகள் ஓடும். பிராசெஸ் போனதால்தான் வேலை போனது என்று காட்ட அந்தத் திகதிகள் வேண்டும். வாடிக்கையாளர் விவரம் உள்ள எதையும் சொந்த ஃபோனுக்கு அனுப்பாதீர்கள், அதையே குற்றமாக்குவார்கள். திகதியும் தலைப்பும் போதும், கையால் எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு 50 வயது. பெண்கள் 50இல் ஓய்வு பெறலாம் என்று சொல்லி வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள்.
(களனி)

பதில்: 50 என்பது ஈ.பி.எப். எடுக்கும் வயது. ஓய்வு வயது 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி 60; உங்களுக்கு அதுதான். இன்னும் 10 வருஷம் இருக்கும்போது ‘ஓய்வு’ என்று அனுப்பினால் அதுவும் முடிவுறுத்தலே.

கேள்வி: சங்கம் தொடங்க எத்தனை பேர் வேண்டும்?
(பியகம)

பதில்: பதிய 7 பேர் போதும். முதலாளி கட்டாயம் பேச்சுக்கு உட்கார வேண்டுமானால் உறுப்பினர் 40% இருக்க வேண்டும். மூடுவிழாவுக்கு முந்தின கிழமை தொடங்குவதில் பெரிய பயனில்லை. 2025 மேயில் கட்டுநாயக்கவில் ஒரு பிரிட்டிஷ் கொம்பனி தொழிற்சாலையை மூடி 1,400க்கு மேற்பட்டோர் வேலை இழந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடும் செய்தி வரும் நாளில் ஆட்கள் போடிங்கைக் (வாடகைத் தங்குமிடம்) காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள், அதன் பிறகு ஒன்று சேர்ப்பது கஷ்டம்.

கேள்வி: ஓடர் போன இடத்துக்கே நாமும் போவோம் என்று ஜோர்தான் கார்மன்ட் வேலைக்கு ஏஜன்ட் ஒருவர் கூப்பிடுகிறார். நம்பலாமா?
(கிராண்ட்பாஸ்)

பதில்: வேலை உண்மையிலேயே இருக்கிறது. அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கையால் ஜோர்தானில் தைத்தது அங்கே தீர்வையின்றிப் போகிறது. தைப்பவர்களில் பெரும்பாலோர் பங்களாதேஷ், இந்தியா, இலங்கை, நேபாளத்திலிருந்து போனவர்கள்.

நம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை: ஏஜன்டின் உரிமப் பத்திரம் நடப்பில் உள்ளதா, அந்தத் தொழிற்சாலைக்கான வேலை ஓடருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா. இரண்டையும் அந்தப் பணியகத்தில், 1989 என்ற இலக்கத்திலோ பத்தரமுல்லைக் காரியாலயத்திலோ, நீங்களே கேளுங்கள். ஏஜன்ட் காட்டும் ஃபோட்டோவை நம்பாதீர்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். சொல்லும் சம்பளத்தில் சாப்பாடு, தங்குமிடத்தின் பெறுமதியும் சேர்ந்திருக்கிறதா, கையில் வருவது எவ்வளவு, ஓ.டி. இல்லாத மாதத்தில் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தொழிற்சாலையின் பெயரைக் கட்டாயம் வாங்குங்கள். சர்வதேசத் தொழில் நிறுவனம் நடத்தும் ‘பெட்டர் வேர்க்’ திட்டம் ஜோர்தான் ஆடைத் தொழிற்சாலைகளின் பரிசோதனை முடிவுகளைப் பெயரோடு இணையத்தில் போடுகிறது. அதைப் பார்க்க ஒரு பிள்ளையிடம் ஃபோனைக் கொடுத்தால் போதும். பெரிய பையர்களுக்குத் தைக்கும் இடங்களில் தொழிலாளியிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது பையரின் விதி. ஏஜன்ட் லட்சக்கணக்கில் கேட்டால் தொழிற்சாலைப் பெயரைச் சொல்லி ஏன் என்று கேளுங்கள். கொடுக்கும் எந்தக் காசுக்கும் ரசீது. ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி வீட்டில் ஒருவரிடம். கடவுச்சீட்டை அங்கே யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

போவதற்கு முன்னால் இங்குள்ள கிராஜுவிட்டியையும் ஈ.டி.எப்.ஐயும் வாங்கிக்கொண்டு போங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அமானிலிருந்து நாரஹேன்பிட்ட விசாரணைக்கு வர முடியாது.